டிரை கிளட்சை வெட் கிளட்சாக மாற்றுவது: முதலில் கணக்கு, அப்புறம் ஸ்பேனர்

டிரை கிளட்ச் என்றால் பிளேட்டுகள் ஆயில் படாமல் உலர்ந்து ஓடும் கிளட்ச்; வெட் கிளட்ச் என்றால் அவை எஞ்சின் ஆயிலில் நனைந்தே ஓடும் கிளட்ச். டிரை கிளட்ச் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதை வெட் கிளட்சாக மாற்றிவிடலாமா?" மாற்றலாம். ஆனால் எல்லா வண்டியிலும் முடியாது. முடிகிற வண்டியிலும் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை. அதனால் பாகம் வாங்குவதற்கு முன்னால், கிளட்சில் உங்களுக்கு எது தொந்தரவு என்று முதலில் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள்.

லீவர் கனமாக இருக்கிறது, கை வலிக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால், லீவரிலிருந்து வரும் திரவ அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டரை மாற்றினாலே போதும். 28 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் போட்டால் லீவரை இழுக்க வேண்டிய விசை சுமார் 13 சதவீதம் குறையும். பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட் தூக்கும் தூரமும் அதே அளவு குறையும் என்பதை மறக்காதீர்கள். தூக்கல் ஏற்கெனவே இழுபறியாக இருக்கிற வண்டியில் இதைச் செய்தால் நியூட்ரல் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும்.

சத்தம்தான் குறை என்றால், பிளேட்டுகளைச் சுற்றிக் கூடைபோல நிற்கும் பேஸ்கெட்டைப் பாருங்கள். லீவரைப் பிடித்ததும் தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வருகிறதே, அது பிளேட்டின் காதுகள் பேஸ்கெட்டின் இடைவெளிகளில் மோதும் சத்தம். நடுவில் ஆயில் படலம் இல்லாததால் அடி நேராக உலோகத்தில் விழுகிறது. பேஸ்கெட்டின் விரல்களை நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு பள்ளம் என்று வரிசையாக நகம் தட்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை விட்டுப் பார்த்து, காதுக்கும் விரலுக்கும் இடையில் 0.6 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அந்த பேஸ்கெட்டின் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். புது பேஸ்கெட்டும் புது பிளேட் செட்டும் போட்டாலே பாதிச் சத்தம் போய்விடும். மீதிச் சத்தம் டிரை கிளட்சோடு பிறந்தது, அதற்கு ரசிகர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பிளேட் தேய்கிறது, சூடாகி உதறுகிறது, அடிக்கடி செட் மாற்ற வேண்டியிருக்கிறது என்பவர்களுக்குத்தான் வெட் கிளட்ச் உண்மையான பதில். ஆயில் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், பிளேட்டின் ஆயுளும் பல மடங்கு கூடும். இதற்குக் கொடுக்கும் விலை: பிளேட் தேய்ந்த தூள் எஞ்சின் ஆயிலில் கலக்கும், குளிர்ந்த ஆயிலில் பிளேட்டுகள் கொஞ்சம் ஒட்டி இழுக்கும், பாகங்களின் எடையும் சிறிது ஏறும்.

கணக்கு

டிரை கிளட்ச் மூடியை அடைத்து, உள்ளே ஆயில் விட்டால் வெட் கிளட்ச் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியே செய்த ஒரு வண்டி என் கைக்கு வந்தது. மேலே அலுமினியத் தகடு போட்டு சீலண்ட் அப்பி, பழைய பிளேட்டை அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாவது கியருக்குமேல் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் கத்தும், வண்டி போகாது.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கைப் பெருக்கி வருவது: உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது, எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு வரும் பல்சக்கர ஜோடியின் விகிதம், அதாவது பிரைமரி விகிதம், 1.85 என்று வைத்துக்கொள்வோம். கிளட்சுக்கு வந்து சேர்வது 185 நியூட்டன் மீட்டர். ஆறு ஸ்பிரிங் சேர்ந்து 1500 நியூட்டன் அழுத்துகின்றன, சராசரி ஆரம் 60 மில்லிமீட்டர், எட்டு உராய்வு பிளேட் என்றால் 16 முகங்கள். உலர்ந்த பிளேட்டின் கெழு 0.3 என்று எடுத்தால் கிளட்ச் தாங்குவது 432. தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆயிலில் நனைந்ததும் கெழு 0.12 அளவுக்கு இறங்கிவிடும். அதே ஸ்பிரிங், அதே பிளேட், இப்போது தாங்குவது 173 மட்டும். தேவை 185. வழுக்காமல் என்ன செய்யும்?

அதனால்தான் வெட் கிளட்சுக்கென்று செய்த தொகுப்பில் பிளேட் அதிகமாக இருக்கும், அல்லது ஸ்பிரிங் கடினமாக இருக்கும், அல்லது முறுக்குவிசை ஏற ஏற பிளேட்டைத் தானே நெருக்கிக்கொள்ளும் சரிவுப் பற்கள், பிளேட்டுகளின் நடுவில் உட்காரும் ஹப்பில் இருக்கும். உராய்வுப் பொருளும் வேறு. ஆயிலை உறிஞ்சி, அழுத்தும்போது பக்கவாட்டில் வெளியேற்ற வசதியாகக் குறுக்குக் கோடுகள் வெட்டியிருப்பார்கள். டிரை பிளேட்டில் அந்த வேலைக்கு இடமே இருக்காது. ஆக, பிளேட், ஹப், பேஸ்கெட், பிரஷர் பிளேட், ஸ்பிரிங் எல்லாம் ஒரே வெட் கிளட்சிலிருந்து முழுத் தொகுப்பாக வர வேண்டும். அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று என்று பொறுக்கி எடுத்துக் கட்டும் வேலை இதில் எடுபடாது.

உங்கள் எஞ்சினில் முடியுமா?

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கார் மாதிரி ஃபிளைவீலோடு ஒட்டிய டிரை கிளட்ச் உள்ள வண்டிகளை விட்டுவிடுங்கள். பழைய பி.எம்.டபிள்யூ பாக்ஸர்கள், மோட்டோ குஸ்ஸியின் பழைய வி-ட்வின்கள் எல்லாம் அந்த ரகம். பி.எம்.டபிள்யூ 2013 ஆர்1200ஜிஎஸ்ஸில் வெட் கிளட்சுக்கு மாறியபோது எஞ்சினையே புதிதாக வரைந்தது. அந்தக் கம்பெனியே மாற்றிப் பொருத்தாமல் புதிதாகச் செய்ததை நாம் ஸ்பேனரால் செய்துவிட முடியாது.

முடிகிற வேலை என்பது, ஒரே எஞ்சின் குடும்பத்தில் இரண்டு வகையும் வந்திருக்கும் வண்டிகளில்தான். டுகாட்டி அதற்கு நல்ல உதாரணம். 2007-இல் வந்த 1098 டிரை கிளட்ச், 2008 மாடலாக வந்த 848 வெட் கிளட்ச். 2009 மான்ஸ்டர் 1100 டிரை, 2011-இல் வந்த 1100 ஈவோ வெட். இந்த எஞ்சின்களில் பிரைமரி கியர்கள் எப்படியும் ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் மட்டும் மூடியில் உள்ள பெரிய ஓட்டை வழியாக, ஆயில் சீலுக்கு வெளியே நிற்கிறது. அந்த ஓட்டை இல்லாத, ஆழமான மூடி போட்டால் கிளட்ச் முழுவதும் ஆயில் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இந்த மாற்றத்தின் சாரமே இவ்வளவுதான்.

ஒரே குடும்பம் என்பதால் எல்லாமே ஒன்று என்று அர்த்தமில்லை. 1098-ன் கிராங்க்கேஸும் 848-ன் கிராங்க்கேஸும் ஒரே முறையில் வார்த்தவை அல்ல. ஆகவே பாகப் பட்டியலின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாக எண்ணாகப் பொருத்திப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பணம் மிச்சமாவது இங்கேதான்.

ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது பிரைமரி கியர். கிராங்கில் உள்ள சின்னப் பல்சக்கரமும் பேஸ்கெட்டோடு வரும் பெரிய பல்சக்கரமும் ஜோடி. பல்லின் எண்ணிக்கை, பல்லின் அகலம், இரண்டு மையங்களுக்கும் இடையிலான தூரம், மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையா, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "கொஞ்சம் உறுமுது, ஓடி ஓடிச் சரியாயிடும்" என்பது பேச்சே இல்லை. ஆயில் பம்பும் அந்தப் பக்கத்திலிருந்தே சுழற்சி எடுக்கிறதா என்றும் பாருங்கள். கிராங்க் கியரைத் தொட்டால் அதுவும் கணக்கில் வந்துவிடும்.

அடுத்து கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட். கிளட்ச் ஹப் உட்காரும் வரிப்பற்கள் ஒரே அளவா, ஷாஃப்ட் வெளியே நீட்டும் நீளம் ஒன்றா, வெட் கிளட்ச் எஞ்சினில் ஹப்புக்கு ஆயில் போக ஷாஃப்டில் துளை இருக்கிறதா? அந்தத் துளை உங்கள் ஷாஃப்டில் இல்லை என்றால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அப்படி வந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக புஷ் ராட். ஸ்லேவ் சிலிண்டர் இடது பக்கத்திலிருந்து நீளமான ராட் வழியாக வலது பக்கத்துப் பிரஷர் பிளேட்டைத் தள்ளுகிறது. தொகுப்பு மாறினால் ராட்டின் நீளமும் மாறலாம். டிரை கிளட்ச் ராட்டில் ஓ-ரிங்குகள் இருப்பது ஷாஃப்டுக்குள் வரும் ஆயில் கிளட்சுக்குப் போய்விடாமல் தடுக்கத்தான். வெட் கிளட்சில் அதே வழியில் ஆயில் போக வேண்டியிருக்கலாம். எனவே பழைய ராட்டையும் பழைய ஓ-ரிங்கையும் பழக்க தோஷத்தில் திரும்பப் போட்டுவிடாதீர்கள். வெட் எஞ்சினின் படத்தில் சீல் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் இருக்கட்டும்.

பிரித்தல்

ஆயிலை வடித்துவிடுங்கள். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றியதும் அதன் பிஸ்டனை கேபிள் டை போட்டு இறுக்கி வையுங்கள். யாராவது விளையாட்டாக லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே குதித்து, டாட் 4 ஹைட்ராலிக் திரவம் பெயின்ட் மேல் கொட்டிவிடும். பெயின்ட் அப்புறம் பெயின்டாக இருக்காது.

ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே கம்பியில் கோத்து வையுங்கள். பழைய செட்டை விற்கவோ திரும்ப மாட்டவோ அது உதவும்.

ஹப் நட்டுதான் முரண்டு பிடிக்கும். கியரில் போட்டு, பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு நீளமான பைப்பை மாட்டித் திருகுவார்கள். அந்த விசை முழுக்க கியர் பற்கள் வழியாகவும் செயின் வழியாகவும் போகிறது. எனக்கு அது பிடிக்காது. ஹப்பைப் பிடிக்கும் பற்கள் உள்ள தனிக் கருவியை வாங்குங்கள். கிடைக்கவில்லையா, பழைய உராய்வு பிளேட் ஒன்றையும் இரும்பு பிளேட் ஒன்றையும் துளையிட்டு போல்ட்டால் இணைத்தால் ஹப்பும் பேஸ்கெட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பேஸ்கெட் சுழலாமல் இருக்க, இரண்டு பிரைமரி கியர்களுக்கும் நடுவில் கியர் ஜாம் செய்யும் கருவியைச் சொருக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைச் சொருகாதீர்கள். ஒரு பல் நுனி உடைந்தாலும் ஜோடியே போச்சு. கிராங்க் நட்டையும் கழற்ற வேண்டியிருந்தால் அதே கருவி அதற்கும் ஆகும். திரும்ப இறுக்கும்போது இரண்டு நட்டுக்கும் மேனுவலில் சொன்ன அளவுதான், டார்க் ரெஞ்ச்தான். கை அந்தாஜு இங்கே உதவாது.

மூடியைக் கழற்றியதும் கிராங்க்கேஸின் ஒட்டும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். அலுமினியத்தில் இரும்புச் சுரண்டி ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறல் வழியாக ஆயில் கசிந்துகொண்டே இருக்கும்.

பொருத்துதல்

முதல் நாள் இரவே புது உராய்வு பிளேட்டுகளைப் போடப்போகும் அதே ஆயிலில் முழுக ஊறவைத்துவிடுங்கள். காய்ந்த பிளேட்டோடு எஞ்சினை ஓட்டினால் முதல் சில நிமிடங்களிலேயே மேல்பரப்பு கருகிவிடும். இரும்பு பிளேட்டுகளைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து ஓரத்தில் பீலர் கேஜை விட்டுப் பாருங்கள். பல மேனுவல்களில் வளைவுக்கான எல்லை 0.2 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இரும்பு பிளேட்டுக்கு ஒரு பக்கம் ஓரம் மழுங்கலாகவும் மறுபக்கம் கூராகவும் இருக்கும், விரலை ஓட்டினால் தெரியும். எல்லாக் கூர் ஓரமும் ஒரே பக்கம் பார்த்திருக்கட்டும்.

தொகுப்பில் உதறலைத் தடுக்கும் மெல்லிய கிண்ண வாஷர் இருந்தால், அதன் வளைவு எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்த்து இரண்டு முறை சரிபாருங்கள். அதற்கு இடம் விட்டு உட்காரும் உராய்வு பிளேட்டின் உள்விட்டம் மற்றவற்றைவிடப் பெரியதாக இருக்கும். அதை இடம் மாற்றிப் போட்டால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. ஹப்பிலும் பிரஷர் பிளேட்டிலும் புள்ளியோ அம்புக்குறியோ இருந்தால் அவை நேராக நிற்க வேண்டும்.

இனி வருவதைப் பலர் செய்வதில்லை. சீலண்ட் பூசி மூடியை மாட்டுவதற்கு முன், குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை நாலைந்து உருண்டைகளாக எடுத்துப் பிரஷர் பிளேட்டின் மேலும், பேஸ்கெட் விரல்களின் நுனியிலும், ஸ்பிரிங் தலைகளிலும் ஒட்டுங்கள். மூடியின் உட்புறத்தில் ஆயில் தடவினால் களிமண் அதில் ஒட்டாது. மூடியை வெறுமனே வைத்து நான்கு ஸ்க்ரூ மட்டும் போட்டு இறுக்குங்கள். ஸ்லேவை மாட்டி லீவரை ஒருமுறை முழுக்கப் பிடித்து விடுங்கள். திரும்பக் கழற்றினால் களிமண் நசுங்கி நிற்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் வெர்னியரை வைத்து அளந்து பாருங்கள். எங்கேயும் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. ஓரிடத்தில் காகிதமாக மெலிந்து மூடியின் உலோகம் தெரிகிறதா? வண்டி ஓடும்போது அங்கேதான் உரசப்போகிறது. கேஸ்கெட்டைத் தடிமனாக்கிச் சமாளிக்காமல், எந்தப் பாகம் தவறாக வந்திருக்கிறது என்று தேடுங்கள். பார்த்து முடித்ததும் களிமண்ணைத் துளிகூட விடாமல் துடைத்து எடுங்கள். ஆயில் பம்பின் வலையில் போய் உட்கார அதற்கு ரொம்ப ஆசை.

வெளியேயும் ஒரு பார்வை. மூடி முன்பைவிடப் பருத்திருக்கிறது. சைலன்சர் பைப், பின் பிரேக் பெடல், ஃபேரிங்கின் கீழ்ப் பகுதி எதிலும் இடிக்கவில்லையே?

எல்லாம் சரி என்றால் லிக்விட் கேஸ்கெட்டை மெல்லிய ஒற்றைக் கோடாக, ஸ்க்ரூ துளைகளின் உட்பக்கமாகச் சுற்றி இழுத்து, இடம் காட்டும் டவல் பின்களை மறக்காமல் போட்டு மூடுங்கள். அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு ஆயில் வழியை அடைக்கும். சின்ன ஸ்க்ரூக்கள் எம்6 என்றால் 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் வரும். அலுமினிய மரைக்கு அதுவே தாராளம்.

ஹைட்ராலிக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும் முன், லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைப் படியுங்கள். டாட் 4 கேட்கும் சிலிண்டரும் இருக்கிறது, மினரல் ஆயில் கேட்கும் சிலிண்டரும் இருக்கிறது. மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் ஊதிப்போகும்.

ஆயில்

டிரை கிளட்ச் இருந்தவரை எஞ்சினுக்கு எந்த நல்ல ஆயில் விட்டாலும் கிளட்சுக்குக் கவலை இல்லை. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் போட்ட கார் ஆயிலைக்கூடப் பலர் விட்டு ஓட்டியிருப்பார்கள். இனி அது நடக்காது. டப்பாவின் பின்னால் ஜாசோ என்ற ஜப்பானியத் தரக்குறியீட்டில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்று இருப்பது உராய்வு குறைந்த ரகம், கியர்லெஸ் ஸ்கூட்டருக்குச் சரி, இதற்கு ஆகாது. எரிபொருள் சேமிக்கும் என்று விளம்பரம் செய்யும் கார் ஆயிலையும் தொடாதீர்கள். பழைய ஆயில் எஞ்சினின் மூலைமுடுக்குகளில் தேங்கியிருக்கும் என்பதால், புது பிளேட்டை மாட்டுவதற்கு முன்பே ஒருமுறை எம்.ஏ. ஆயில் விட்டுச் சூடாகும்வரை ஓட்டி வடித்துவிடுவது என் வழக்கம். ஃபில்டரும் சேர்ந்து போகும்.

பழைய மேனுவலில் உள்ள அளவை அப்படியே ஊற்றாதீர்கள். மூடியின் உள்ளே இடம் மாறியிருக்கிறது. டுகாட்டியில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடி அந்த மூடியிலேயேதான் இருக்கிறது. வண்டியை நேராக நிறுத்தி, கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் கழித்துக் கண்ணாடியைப் பார்த்து மீதியை விடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஸ்டார்ட் செய்யும் முன்: கியரில் போட்டு லீவரைப் பிடித்துப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் கனமாகச் சுற்றினால் பரவாயில்லை. லீவரை விட்டால் எஞ்சினைச் சேர்த்து இழுக்க வேண்டும். அப்புறம் ஸ்பார்க் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள். பம்பும் ஆயில் வழிகளும் காலியாக இருக்கும், அவை நிரம்ப வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் முதல் கியர் போடும்போது "டொக்" என்று விழுந்து வண்டி அரை அடி முன்னால் நகரும். டிரை கிளட்சுக்குப் பழகியவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ஆயில் கெட்டியாக இருப்பதால் வரும் இழுவைதான், சூடானதும் குறையும். சூடான பிறகும் நியூட்ரல் பிடிபடவில்லை என்றால் தூக்கல் போதவில்லை: முதலில் காற்றெடுத்தல், அப்புறம் புஷ் ராட் நீளம், அதற்கப்புறம் ஸ்லேவ் அளவு என்ற வரிசையில் பாருங்கள்.

வழுக்கலைச் சோதிக்க, நன்றாகச் சூடான பிறகு ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலையில் மேல் கியரில் நடுத்தர வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகுங்கள். ஆர்.பி.எம். மட்டும் துள்ளி ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. குளிரில் பிடித்துச் சூட்டில் மட்டும் வழுக்கினால் ஆயில்மேல் சந்தேகப்படுங்கள். குளிரிலும் வழுக்கினால் லீவரில் விளையாட்டு இடைவெளி இருக்கிறதா, பிஸ்டன் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாத பிஸ்டன் எப்போதும் கிளட்சைக் கொஞ்சம் பிரித்துக்கொண்டே இருக்கும்.

முதல் ஆயிலை வழக்கமான தூரம்வரை வைத்திருக்காமல் சீக்கிரமே வடித்துவிடுங்கள். வடிக்கும்போது ஆயில் கருத்து, காந்த போல்ட்டில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது புது பிளேட்டும் கியரும் பழகிய தூள், துடைத்துவிட்டு மாட்டலாம். ஊசி முனை அளவுக்கு மினுக்கும் இரும்புச் சில்லுகள் இருந்தால் பிரைமரி கியர் ஜோடியைத் திறந்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைச் சில்லுகள் என்றால் பேஸ்கெட்டோ மூடியோ எங்கோ உரசுகிறது, களிமண்ணைத் திரும்ப எடுங்கள்.